ஒரு ரூபாய் வந்துச்சா?

"மிஷின எடுத்துக்கினு போலாம்னு வந்திருக்கேன்."

வாசலில் நின்றவள் முழுக்க நனைந்திருந்தாள். ஐப்பசி மழை பாகூர் ஏரிப் பக்கமிருந்து சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. துப்பட்டா நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்... ஆனால் மணிபாரதி பார்த்தது அவள் கண்களைத்தான். பெரிய கண்கள். வழியெல்லாம் அழுது முடித்துவிட்டு, இனி அழுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வந்த கண்கள்.

"எந்த மிஷின்?" என்றான்.

"ஆக்சிஜன் மிஷின். நேத்து முழுப் பணமும் போட்டேனே உங்களுக்கு? காலைலேர்ந்து போன ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க. வூட்ட கண்டுபுடிக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?"

மணிபாரதிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்காக வாங்கிய அந்த மிஷினைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது. அதனால்தான் பழைய பொருள் விற்கிற ஆப்பில் போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். இதுவரை ஒருவரும் கேட்டு வரவில்லை. பணமும் வரவில்லை.

"எனக்கு யாரும் பணம் போடலிங்க..."

"போடலியா? இதோ பாருங்க." போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உங்க வூட்டு சுவரு. இது உங்க மிஷின். இது காஜா மொய்தீன் பாய் உரக்கடை காலண்டர். பாகூர் கடை காலண்டர் தொங்குதே, நம்ம ஊரு ஆளுதான்னு நம்பித்தான் பணம் போட்டேன். பாய்கிட்ட போயி காட்டுனேன். இந்த ஆணிய அடிச்சி மாட்டுனதே நான்தான்னு சொல்லி உங்க வூட்டுக்கு வழி சொன்னாரு. திருடன்தான நீங்க? இப்ப இன்னா சொல்றீங்க?"

அவள் குரல் உயர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா குடையோடு வந்து நின்றாள். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் அவன், ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினான் என்று யாரும் சொன்னதில்லை. அம்மா போன வீட்டு வாசலில் நின்று திருடன் என்கிறாளே... அவனுக்குக் கோபம் வந்தது. அந்தப் போனை வாங்கிப் பார்த்தான். கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

"போட்டோ என்னுதுதான்," என்றான் மெதுவாக. "ஆனா நம்பர் என்னுது இல்ல. எவனோ என் போட்டோவ எடுத்து அவன் பேர்ல போட்டிருக்கான்."

அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். பிறகு நனைந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுவதில்லை என்ற முடிவெல்லாம் மழையோடு போயிற்று.

நாலு பேர் கேட்கிறார்கள், பணம் போட்டால்தான் உங்களுக்கென்று எடுத்து வைப்பேன் என்று சொன்னானாம் அந்தப் போன்காரன். "உங்க அப்பாவ எங்க அப்பா மாதிரி நெனச்சிக்கிறேன்மா" என்றும் சொன்னானாம். கரும்பு வெட்டின பணம் மொத்தமும் அதில் போய்விட்டது. இவள் வேலை செய்வதோ மடுகரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில். ஓடிபி சொல்லாதீங்க, தெரியாதவங்களுக்குப் பணம் போடாதீங்க என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறவள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது மட்டும் அத்தனையும் மறந்துபோயிற்று.

மணிபாரதி பேசிக்கொண்டிருக்கவில்லை. சைபர் கிரைம் நம்பர் 1930க்குப் போன் போட்டுக் கொடுத்தான். அவள் பேரைச் சொன்னாள். ஜெயசுதா. அப்பா பேர் பலராமன். நெட்டப்பாக்கத்தில் தெரு பேர், கதவு எண். புகார் பதிவாயிற்று. ஆனால் பணம் போய் ஒரு ராத்திரி கடந்திருந்தது. பெரிதாக எதிர்பார்க்காதே என்று அவனுக்கே மனசு சொன்னது.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஷின எடுத்துக்கினு போங்க," என்றான் அவன். "பணத்த அப்புறம் பாத்துக்கலாம். உங்க அப்பா மூச்சு விடட்டும் மொதல்ல."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் நன்றி வரும் என்று எதிர்பார்த்தான் பாவம். வந்தது பயம்.

"அவனும் இப்படித்தான் பேசுனான். உங்களமாதிரியே... நல்லவன் மாதிரியே."

"நான் ஒண்ணும் கேக்கலியே?"

"அதான் பயமா இருக்குது. ஓசில வாங்குற அளவுக்கு எங்க வூடு இன்னும் எறங்கல சார். வரேன்."

மழையிலேயே ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டாள். மணிபாரதி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னா பொண்ணு இது... திருடன்னு திட்டுனதுக்கு ஒரு சாரி கூட சொல்லல. ஆனா அந்தக் கண்ணு...

மூன்றாம் நாள் சாயங்காலம் நெட்டப்பாக்கத்தில் ஜெயசுதா வீட்டு வாசலில் ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. புகாரில் அவள் சொன்ன முகவரியை மணிபாரதி காதில் வாங்கி வைத்திருந்தான்.

உள்ளே பலராமன் கட்டிலில் இரண்டு தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு ராத்திரியாக அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தே விடிந்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள். குரலில் பழைய வீறாப்பு இல்லை.

"வியாபாரத்துக்கு. பொருள நேர்ல பாருங்க. ஓட்டிப் பாருங்க. டாக்டர் சொன்ன அளவுக்கு வருதான்னு பாருங்க. அப்புறம்தான் பணம். முன்பணம் ஒரு பைசா வேணாம்."

"மாசா மாசம்தான் தர முடியும்."

"தாங்க. பொருளும் உங்க கைல, பணமும் உங்க கைல. ஏமாந்தா நான்தான ஏமாறணும்? உங்களுக்கு இன்னா பயம்?"

அவள் பிளக்கை மட்டும் காட்டினாள்.

மிஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மூக்கில் குழாயை மாட்டியதும் பலராமனின் தோள்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஜெயசுதா அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணிபாரதி அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அவனுக்கே தெரியாது.

பிறகு பையிலிருந்து எதையோ உருவிச் சுவரில் மாட்டினான். காஜா மொய்தீன் பாய் உரக்கடை காலண்டர்.

"இது எதுக்கு?"

"போட்டோல இதுவும் இருந்துச்சில்ல? இதுக்கும் சேத்துத்தான காசு போட்டீங்க."

பலராமன் சிரித்துவிட்டார். சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார். அப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று... ஜெயசுதா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே நின்று அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சம்பள நாளன்று மணிபாரதியின் போனில் டிங் என்று ஒரு சத்தம். வந்தது ஒரே ஒரு ரூபாய். உடனே போன் அடித்தது.

"ஒரு ரூபாய் வந்துச்சா?"

"வந்துச்சு..."

"உங்க பேரு இன்னா?"

"தெரியாதா?"

"தெரியும். நீங்க சொல்லுங்க. எனக்கு இங்க பேங்க்ல காட்டுற பேரும் நீங்க சொல்ற பேரும் ஒண்ணா இருக்கணும்."

"எம். மணிபாரதி. எம்முன்னா முருகையன், எங்க அப்பா."

"செரி. மீதிய இப்ப அனுப்புறேன்."

வைத்துவிட்டாள். மீதியும் வந்தது. மணிபாரதி போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தான். இவ்வளவு அக்கறையாக அவன் பேரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த மாதமும் ஒரு ரூபாய். அதற்கடுத்த மாதமும். அந்த ஒரு ரூபாய்க்காகவே அவன் மாதம் பிறக்கக் காத்திருந்தான். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அப்பா இன்றைக்குக் கஞ்சி குடித்தார், வாசல்வரை நடந்தார், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்றா என்று கேட்டார்...

"போன மாசமும் இதே பேருதாங்க," என்றான் ஒருமுறை. "இன்னும் எதுக்குச் செக் பண்றீங்க?"

"மாத்தியிருந்தீங்கன்னா?"

"பேரையா?"

"மனச."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பின்னால் மிஷினின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவனும் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

மிஷினுக்கு ஃபில்டர் கழுவித் தர வருகிற சாக்கில் அவன் நெட்டப்பாக்கம் வந்துபோனான். அப்படி வந்த ஒருநாள், அவள் கடையில் இருந்த நேரம், பலராமன் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பணம் போனது பெருசில்ல தம்பி. அன்னிலேர்ந்து யாரு எது குடுத்தாலும் பயப்படுறா. எனக்கப்புறம் யாருகிட்டயும் எதுவும் வாங்கிக்காமயே இருந்துடுவாளோன்னுதான்..."

மூச்சு வாங்கியது. அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பங்குனியில் ஒரு விடிகாலையில் பலராமன் போய்விட்டார். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றே வெகுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

மணிபாரதி சாவுக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். அவள் ஒருதரம்கூட அவன் பக்கம் திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் அவன் போனில் டிங் என்றது. ஒரு ரூபாயாக இருக்கும் என்று ஓடிவந்து எடுத்தான். பாக்கி இருந்த பணம் மொத்தமும் வந்திருந்தது. முன்னால் ஒரு ரூபாய் வரவில்லை. வந்துச்சா என்று போனும் வரவில்லை. அவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான்...

பணம் முழுசாக வந்துவிட்டது. விற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மணிபாரதி தன் மோட்டார் கடைப் படியில் உட்கார்ந்து, சொந்த வீட்டில் இழவு விழுந்தவனாக அழுதான்.

சித்திரையில் அதே ஆப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அதே மிஷின். அதே காலண்டர். கீழே எழுதியிருந்தது: "இலவசம். யாருக்கும் முன்பணம் போடாதீர்கள். நேரில் வந்து பார்த்து எடுத்துச் செல்லவும்."

அவன் போய்ச் சேர்ந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. இந்தமுறை வாசலில் நனைந்து நின்றவன் அவன்.

"மிஷின் பாக்க வந்தேன்."

ஜெயசுதா இளைத்திருந்தாள். காதில் கம்மல் இல்லை. பாக்கிப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அத ஒருத்தருக்கு சொல்லியாச்சி. பிள்ளைச்சாவடிலேர்ந்து சகாயராணின்னு ஒரு அக்கா சாயங்காலம் வராங்க, வூட்டுக்காரருக்கு. எவ்ளோ அட்வான்ஸ் போடணும்னு கேட்டாங்க. திட்டிட்டேன்."

"ஏன் ஒரு ரூபாய் அனுப்பல?"

அவள் சுவரைப் பார்த்தாள். காலியான கட்டிலைப் பார்த்தாள்.

"அன்னிக்கே எடுத்துக்கினு போன்னு சொன்னீங்க. நான் வேணாம்னு வந்துட்டேன். அந்த ரெண்டு ராத்திரி அப்பா தலகாணில கவுந்து உக்காந்தே இருந்தாரு. உங்க குரல கேட்டா அதுதான் ஞாபகத்துக்கு வருது. எவனோ ஒருத்தன் ஏமாத்துனான்னு எங்க அப்பாவ நான்..." அழுதுவிட்டாள்.

அழாதே என்று அவன் சொல்லவில்லை. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"எங்க அம்மாவுக்கு ஒருநாள்கூட மிஷின் இல்லாம இருந்ததில்ல சுதா," என்றான் பிறகு. "அவங்களும்தான் போயிட்டாங்க. எவனோ பண்ண தப்புக்கு நீ எதுக்கு உன்ன தண்டிச்சிக்கிற?"

அவன் 'நீ' என்றதை இருவருமே கவனித்தார்கள்.

"எனக்கு யாரையும் நம்ப வரல," என்றாள். "நம்புறது எப்பிடின்னே மறந்துபோச்சி."

"நம்ப வேணாம். செக் பண்ணு. மாசா மாசம் பண்ணியே, அதமாதிரி தெனமும் பண்ணு. நான் அதே பேர்லதான் இருப்பேன்."

"எத்தினி நாளைக்கி?"

"நாளு கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. உன்ன எனக்குப் புடிச்சிருக்குது. அன்னிக்கி திருடன்னு திட்டினியே... அப்பலேர்ந்து."

அவள் போனை எடுத்தாள். கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் இரண்டுமுறை தப்பாக அழுத்தினாள்.

அவன் சட்டைப்பையில் டிங் என்றது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"பேரு?"

"மணிபாரதி," என்றான்.

"மீதிய..." அவள் தலை குனிந்திருந்தது. "மீதிய இப்ப தர முடியாது. அப்பா போயி வருசம் திரும்பட்டும். அதுவரிக்கும் இருப்பீங்களா?"

"எல்லாம் உன் கைலதான் இருக்குது. ஏமாந்தா நான்தான ஏமாறணும்?"

ஜெயசுதா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முதல்நாள் பார்த்த அதே கண்கள்... அழுதுகொண்டுதான் இருந்தன. பயம் மட்டும் இல்லை.

"ஏமாத்த மாட்டேன்," என்றாள்.