ஐயப்பனின் பட்டாளம்

நேற்று மாலை மாணிக்கவாசகம் நிமிர்த்தி வைத்த துப்பாக்கி இன்று காலை மறுபடியும் வளைந்திருந்தது.

வளைந்ததில் அதிசயம் இல்லை. பழைய பிளாஸ்டிக் சிப்பாய்க்கு அது பிறவிக் குணம். அரை ஆயுள் டப்பாவுக்குள் நெரிபட்டுக் கிடந்தவன் கையில் துப்பாக்கி கரும்புச் சக்கை மாதிரிதான் இருக்கும். ஆனால் இவன் துப்பாக்கி தரையைப் பார்த்து வளைந்திருந்த துப்பாக்கி. இப்போது அது அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்து வளைந்திருந்தது.

"ஹீட்டர் பண்ற வேலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தில்லி மோதி பாக்கில் மகள் கவிப்ரியாவுக்கு ஒதுக்கியிருந்த அரசு வீட்டின் பால்கனியை அடைத்துக் கட்டிய குட்டி அறை அவருடைய ராஜ்ஜியம். ஜனவரி மூடுபனிக்கு அங்கே ஹீட்டர் இல்லாவிட்டால் மனிதன் மூக்கு நுனியிலிருந்து உதிர ஆரம்பித்துவிடுவான்.

ஓய்வு பெற்ற பின் தில்லித் தமிழர்களில் சிலர் கோயிலுக்குப் போனார்கள், சிலர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினார்கள். மாணிக்கவாசகமும் ஐயப்பனும் போர் தொடுத்தார்கள். ஞாயிறுதோறும் லோதி ரோடில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகி மலை எழுப்பி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து பொம்மைக் குதிரைப்படையை நகர்த்துவார்கள். ஞாயிறுதோறும் ஐயப்பன் ஜெயிப்பார். ஜெயித்தவர் சும்மா இருப்பாரா? பிடிபட்ட தளபதியைத் தன் டீ சாஸரில் குப்புறப் படுக்கவைத்து, "வாசகம், உம்ம ஆளுக்குக் குளிருது ஓய். ஒரு பிஸ்கட் போத்தி விடட்டுமா?" என்பார். அப்போது எழுந்த சிரிப்பு யமுனையைத் தாண்டி நொய்டா வரைக்கும் கேட்டதாக மாணிக்கவாசகம் இன்றும் நம்பினார்.

கார்த்திகையில் ஐயப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்த சூட்டோடு லக்ஷ்மிபாய் நகரில் அவர் மனைவி பொன்னம்மாள் எதிரில் மாணிக்கவாசகம் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொம்மைப் பெட்டிய யாருக்கும் குடுக்காதேன்னு சொல்லிட்டுப் போனாரேண்ணா..."

"யாருக்கும்னா மத்தவங்களுக்கும்மா. எனக்குன்னு என் கையப் பிடிச்சு சொன்னார்."

பச்சைப் பொய். அதற்குத் துணையாக இரண்டு சொட்டுக் கண்ணீர் வேறு.

பொன்னம்மாள் பெட்டியை எடுத்து வந்தாள். "வெந்நி மட்டும் காட்டாதீங்கண்ணா. சூடு பட்டா அதுங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடும்பார்."

வீடு வரும்வரை மாணிக்கவாசகம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். பொம்மைப் பட்டாளம் வைத்திருக்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம்தானே இது! வெந்நீரில் முக்கினால் பிளாஸ்டிக் இளகும். வேண்டியபடி மடக்கி உடனே ஐஸ் தண்ணீரில் முக்கினால் அப்படியே விறைத்து நிற்கும். மறுபடி சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். இதில் பயமுறுத்த என்ன இருக்கிறது?

அன்றே பெயின்ட் இளகட்டும் என்று எல்லோரையும் டெட்டாலில் ஊறப்போட்டார். ஐயப்பன் வருஷக்கணக்கில் தீட்டிய சிவப்புச் சட்டைகள் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக் கொழகொழவென்று உரிந்து, ரத்தச் சகதியாகச் சாக்கடைக்குப் போயின. மெல்லிய பிளேடால் தலைகளைச் சீவினார். கழுத்தில் ஊசி செருகித் தன் படையின் தொப்பித் தலைகளை ஒட்டினார். சீவிய தலைகள் டபராவில் குவிந்தன. கடைசியாகத் தளபதி. அவனுக்கு மட்டும் ஐயப்பன் தன் முகத்தையே தீட்டியிருந்தார்: முறுக்கு மீசை, மயிரிழையில் விபூதிக் கீற்று. அந்த முகத்தை மட்டும் மாணிக்கவாசகம் அழிக்கவில்லை. அவனைக் குதிரையிலிருந்து பெயர்த்து, வெந்நீரில் முக்கி, முழங்காலை மடக்கி, கைகள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, ஐஸ் தண்ணீருக்குள் அமுக்கினார். வரும் ஞாயிறு, எல்லோர் கண்முன்னும், ஐயப்பன் தன் பட்டாளத்திடமே மண்டியிட வேண்டும். செத்தவனையாவது ஒரு தடவை ஜெயிக்க வேண்டும்.

"ஐயா! பொம்மையத் தரையில போடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? கால்ல குத்திட்டான் பாருங்க." வளைந்த துப்பாக்கியை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டு வேலை செய்யும் வீராயி துடைப்பத்தோடு வந்து நின்றாள். அவள் உள்ளங்கையில் ஈட்டிமுனைத் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

"எங்க கிடந்தான்?"

"உங்க கட்டிலுக்கு அடியில. ஒருத்தனா? பட்டாளத்துக்கு ஆளெடுக்குற கணக்கா வரிசையா நிக்கிறானுங்க."

"விளையாடாதே வீராயி."

"நானா விளையாடுறேன்? இந்த வயசுல பொம்மை வெச்சிருக்கிறது யாரு?" அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ரூமு ஆஸ்பத்திரி மாதிரி நாறுது. ஜன்னலத் திறந்து வைங்க."

அவள் போன பிறகு அவர் கட்டிலடியில் குனிந்து பார்த்தார். ஒருவனும் இல்லை. தூசியில் குட்டிக் குட்டியாக, சிப்பாய்கள் நிற்கும் அடித்தட்டு அளவுக்கு, வட்டத் தடங்கள் மட்டும் இருந்தன. எல்லாம் பால்கனி அறையை நோக்கிப் போயிருந்தன.

அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட் அடித்ததுபோல் அப்பியிருந்தது. பகலா அந்தியா என்று சூரியனைக் கேட்டாலே அதற்குத் தெரிந்திருக்காது. கீழே தெருவில் காலிஃபிளவர் விற்பவன் கூவிக்கொண்டு வந்தான், அந்தக் குரல் ஒரு சொல்லின் பாதியிலேயே பனிக்குள் அமிழ்ந்தது. ஹீட்டர் கம்பிகள் ஆரஞ்சு நிறத்தில் தகதகத்தன. டெட்டால் வாடையோடு இன்னொரு வாடையும் மெல்லக் கலந்தது. வெந்த பிளாஸ்டிக், அதற்கடியில், சத்தியமாக, ஐயப்பன் தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய்.

டிக்.

சூட்டில் பிளாஸ்டிக் விரிகிறது. வேறென்ன?

டிக். டிக்.

பச்சைத் துணி விரித்த அவர் மேஜைமேல் ஒரு சிப்பாயின் கழுத்து திரும்பியது. மிக மெதுவாக, வெந்நீரில் இளகுகிற மாதிரி. பக்கத்தில் இன்னொருவன். அவர் ஒட்டிய தொப்பித் தலைகள் ஒவ்வொன்றாக ஊசியிலிருந்து நழுவி விழுந்தன. டபரா கலகலத்தது. எட்டிப் பார்த்தார்.

தலைகள் இல்லை.

நிமிர்ந்தார். பச்சைத் துணியில் பட்டாளம் முழுக்கச் சொந்தத் தலைகளோடு நின்றது. எல்லாத் துப்பாக்கிகளும் அவரை நோக்கி. குதிரைமேல் தளபதி. முழங்கால் மடங்கவில்லை. கைகள் இறங்கியிருந்தன. ஒரு கையில் தலை சீவிய பிளேடு.

ஹீட்டரை அணைக்க வேண்டும். எழப் பார்த்தார்.

எழ முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே சூடு. வலிக்காத சூடு. எலும்புக்குப் பதில் இளகிய ஏதோ ஒன்று. கால்கள் தாமாக மடங்கின. கைகளை யாரோ இரண்டு விரலால் பிடித்தார்கள். மேலே தூக்கினார்கள். பாதத்தடியில் ஏதோ வட்டமாக ஒட்டிக்கொண்டது.

பச்சைத் துணி. வயல்போல் விரிந்த பச்சைத் துணி. தூரத்தில் மலைபோல அவருடைய நாற்காலி. காலி.

கத்தினார். வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

கதவு திறந்தது. மகள்!

"அப்பா? அரே, ஹீட்டரை ஆன்லயே விட்டுட்டு எங்க போயிட்டார்? இந்தப் பனியில?" ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடியே கவிப்ரியா குனிந்தாள். நிலா அளவுக்கு ஒரு முகம். "அச்சா, புதுசா ஒருத்தன்! மண்டி போட்டிருக்கான் பாவம். மூக்கு அப்படியே அப்பா மூக்கு!" சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேஜை நடுங்கியது.

அணைக்காதேம்மா. அதை அணைக்காதே.

க்ளிக்.

ஆரஞ்சு மங்கியது. ஜன்னலை அவள் அகலத் திறந்துவிட்டாள், "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனாள். மூடுபனி ஐஸ் தண்ணீராக உள்ளே வழிந்தது. முழங்கால் விறைத்தது. தூக்கிய கைகள் விறைத்தன. திறந்த வாய் விறைத்தது.

எதிரே குதிரை ஒரு அடி எடுத்து வைத்தது. முறுக்கு மீசைக்குக் கீழே ஈர உதடு விரிந்தது.

"குளிருதா ஓய், வாசகம்?"

குதிரை அவரைச் சுற்றிப் பின்னால் வந்து நின்றது. கழுத்தின் பின்புறம், தலையைச் சீவ அவர் எப்போதும் தேர்ந்தெடுக்கும் அதே இடத்தில், பிளேடு வந்து உட்கார்ந்தது.