சோழித் திட்டு

“ஜோடி சேருங்க! ஜோடி இல்லாம யாரும் தண்ணிக்குள்ள கால் வைக்கக் கூடாது!”

வழிகாட்டி ஷிஹாம் கைதட்டிச் சொன்னதுதான் தாமதம், கப்பலின் பின்தளத்தில் நின்ற கூட்டம் இரண்டிரண்டாகப் பிரிந்துவிட்டது. கணவனும் மனைவியும், அக்காவும் தங்கையும், பெங்களூரிலிருந்து வந்த நண்பர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செண்பகவல்லி. மற்றவர் அபுதாகிர்.

‘போச்சு, இவரா!’ என்று செண்பகம் உள்ளுக்குள் நொந்துகொண்டாள்.

அவளுக்குப் பேச்சு பிடிக்காது என்றில்லை. பேசிப் பேசி அலுத்தவள். கோவில்பட்டிக்காரி. மதுரை விமான நிலையத்துக் கோபுரத்தில் அமர்ந்து, வந்து போகும் விமானங்களுக்கு வழி சொல்வது அவள் வேலை. நாள் முழுக்கக் காதில் குரல்கள். ஒரு குரலுக்கும் முகம் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால், காலையில் குடித்து வைத்த காபி தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். எடுத்து வைக்க இன்னொரு கை இல்லை. நாற்பத்து நான்கு வயதில் அவள் ஸ்கூபா கற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம்தான்: தண்ணீருக்கடியில் யாரும் பேசமாட்டார்கள். அங்கே தனியாக இருப்பது குறையாகத் தெரியாது.

சேமிப்பை எடுத்து மாலத்தீவுக்கு வந்து இந்தச் சொகுசுக் கப்பலில் ஏறியிருந்தாள். பளிங்குக் குளியலறை, முழுகி எழுந்ததும் தோளில் போர்த்தச் சூடான துண்டு, கேட்குமுன் கைக்கு வரும் இளநீர். எல்லாம் இருந்தது. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. அதில் வந்து உட்கார்ந்தவர் அபுதாகிர் ஒருவரே!

காயல்பட்டினத்துக்காரர். பாங்காக்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் உடம்பு கட்டாக இருந்தது. வாய் அதைவிடப் பலமாக இருந்தது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“நான் சும்மா மீன் பாக்க வரல்லே. எங்க ஊர் மரக்கலம் ஒண்ணைத் தேடி வந்திருக்கேன். அந்தக் காலத்துல இந்தத் தீவுல இருந்து சோழி ஏத்திக்கிட்டு வங்காளத்துக்குப் போச்சுது. போய்ச் சேரவே இல்லை. அந்தா, தீவுகளுக்கு நடுவுல கடல் ஓடுற அந்தக் கிழக்கு வாய்க்கால்லதான் முழுகிச்சுதுன்னு சொல்லுவாங்கோ.”

“சோழியா? தங்கம் இல்லையா அங்கிள்?” என்று யாரோ கேட்க, மேசையே சிரித்தது.

“அன்னிக்கு வங்காளத்துல சோழிதாம்பா காசு! அரிசி வாங்கவும் அதுதான், வரி கட்டவும் அதுதான்!”

சிரிப்பு ஓயவில்லை. ஒவ்வொருவராக எழுந்து தட்டுடன் வேறு மேசைக்குப் போனார்கள். செண்பகமும் தலைவலி என்று சொல்லி எழுந்து போனாள்.

ஆனால் கடலுக்குள் அவரை விட்டு எழுந்து போக முடியவில்லை! அடுத்தடுத்த நாட்களில் எங்கே இறங்கினாலும் அவள் ஜோடி அவர்தான். நீருக்கடியிலும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பாறையில் கோடு தெரிந்தால் “கப்பல் பலகை!” என்று சைகை. வட்டமாக எதையாவது கண்டால் “பீரங்கி வாய்!” என்று சைகை. அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

பயணம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் கேப்டன் இறங்கி வந்தார். கிழக்கு வாய்க்காலில் ஒரே ஒரு முறை முழுகிப் பார்க்கலாம். மற்றவர்கள் மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளை விட்டு அசையவில்லை. மதியம் சின்னத் தோணியில் ஏறியவர்கள் ஷிஹாம், அபுதாகிர், வேறு வழியில்லாமல் செண்பகம். மூன்றே பேர்! தோணியோட்டி ஒருவர் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தார்.

“நீரோட்டம் வெளிய இழுக்குது. பாறையை ஒட்டியே வரணும். விலகிப் போனா நடுக்கடல்தான்!” என்று ஷிஹாம் எச்சரித்தான். திருவனந்தபுரத்தில் படித்தபோது விடுதித் தோழர்களிடம் கற்ற தமிழ் அவனுடையது. அண்ணனைக் ‘காக்கா’ என்று அழைப்பது மட்டும் அபுதாகிர் சொல்லிக்கொடுத்தது. “காக்கா, உங்களுக்குத்தான் சொல்றேன்!”

“சரிப்பா, சரி!”

மூவரும் பின்புறமாகச் சாய்ந்து கடலில் விழுந்தார்கள்.

நீல மதில் போலப் பவளப்பாறை கீழே இறங்கிக்கொண்டே போனது. சாம்பல் நிறச் சுறா ஒன்று அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. திடீரென்று அபுதாகிர் கையை வீசினார். பாறையின் விளிம்புக்கு அப்பால் ஏதோ மின்னியது. மீன் கூட்டத்தின் முதுகுதான்! ஆனால் அவர் அதற்குள் விளிம்பைத் தாண்டிவிட்டார். அங்கே நீரோட்டம் அவரைப் பற்றி உருட்டிக் கீழே இழுத்தது!

ஷிஹாம் செண்பகத்தின் கையை இறுகப் பிடித்தான். கட்டைவிரலை மேலே காட்டினான்: மேலே போ. உள்ளங்கையை விரித்தான்: அங்கேயே நில். அடுத்த கணம் அவரைத் துரத்திக்கொண்டு நீலத்துக்குள் மறைந்தான்.

செண்பகம் மெல்ல மேலெழுந்தாள். பாதியில் சில நிமிடம் தங்கித்தான் மேலே வர வேண்டும், அது விதி. தொங்கியபடி சுற்றிலும் பார்த்தாள். பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே தரை இல்லை. ஒரு மீன்கூட இல்லை. தன் மூச்சு குமிழியிடும் ஓசை மட்டும். எந்தத் தனிமையைத் தேடி அவள் இவ்வளவு தூரம் வந்தாளோ, அது முழுசாக இப்போது அவளைச் சூழ்ந்து நின்றது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

நீர்மட்டத்தைக் கிழித்துத் தலையைத் தூக்கினாள். தோணி பாறை முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போயிருந்தது. அலைகளுக்கு மேல் அதன் கூரை மட்டும் தெரிந்தது. தெற்கே மழை கறுப்புத் திரையாக நெருங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் திரும்பினாள். அலைகளுக்கிடையே ஓர் ஆரஞ்சு நிறக் குழாய்! முழுகுபவர்கள் தங்களைக் காட்ட ஊதி உயர்த்தும் மிதவை. அது பாதி ஊதி, தலை தொங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தலை. கை அசையவில்லை.

அவள் விசிலை ஊதினாள். தோணியின் இயந்திர இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

நின்ற இடத்திலேயே நின்றால் தோணி திரும்பி வரும், அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் மழை வந்து மூடிவிட்டால் அந்தத் தலையை யார் பார்ப்பது? இப்போது அதைப் பார்க்கும் கண்கள் உலகத்திலேயே அவளுடையவை மட்டும்தான்.

“சே, இந்த மனுசன்!” என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு, நீரோட்டத்தோடு சேர்ந்து அவரை நோக்கிக் காலை உதைத்தாள்.

அவள் போய்ச் சேருமுன் மழை வந்துவிட்டது. கீழே இழுத்த நீரோட்டமே அபுதாகிரை மேலே தள்ளியிருந்தது; அவருடைய முழுகும் கண்ணாடி போயிருந்தது. மிதவைச் சட்டையில் காற்று கசிந்துகொண்டிருந்தது. காலில் தசை பிடித்து வலியில் முகம் கோணியிருந்தது. அவள் அவருடைய ஈய எடைகளைக் கழற்றிக் கடலில் விட்டாள். சட்டைக்குள் தன் வாயால் காற்றை ஊதினாள். இருவர் சட்டைகளையும் கொக்கியால் பிணைத்தாள்.

“தங்கச்சி... நீங்க ஏன் வந்தீங்கோ?”

“ஜோடின்னு சொன்னாங்கல்லா?”

மழைக்குள் எங்கோ தோணிச் சத்தம் கேட்டது. இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். சத்தம் பக்கத்தில் வந்து, விலகி, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

மழை விட்டபோது சுற்றிலும் வானமும் தண்ணீரும்தான். தீவு இல்லை, கப்பல் இல்லை. அலை தூக்கியது, இறக்கியது. அபுதாகிர் பேசவே இல்லை. உதடு வெளுத்து, கண் செருக ஆரம்பித்திருந்தது. நான்கு நாளாக எந்த வாய் மூடாதா என்று ஏங்கினாளோ, அது மூடிவிட்டதைப் பார்த்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“காக்கா! பேசுங்க!”

“என்னத்தைப் பேச...”

“எதையாச்சும் பேசுங்க! ஊர்க்கதையைச் சொல்லுங்க! கண்ணை மூடுனீங்கன்னா அறைஞ்சிருவேன் பாத்துக்கோங்க!”

அவர் சிரிக்க முயன்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “வீட்டுக்காரி மவுத்தாகிப் பல வருசம் ஆச்சுது. மூத்த மவன் ஹாங்காங்குல, இளையவன் கனடாவுல. போன்ல ‘வாப்பா, அப்புறம் பேசுறேன்’னு வச்சுடுவானுவோ. அதான் தங்கச்சி, வருசா வருசம் இப்படிக் கப்பல்ல வாறேன். வீட்டுல, கடையில எழுந்து போயிடுறாங்கோ. கப்பல்ல ஏறிட்டா யாரும் எங்கயும் போக முடியாது பாருங்கோ.”

தலைவலி என்று சொல்லி எழுந்து போன இரவு செண்பகத்தின் நினைவில் குத்தியது.

“நான் எழுந்து போனேனே காக்கா.”

“போனீங்கோ. ஆனா இப்ப வந்துட்டீங்கோல்ல.”

அவளும் சொன்னாள். கோபுரத்தைப் பற்றி, குரல்களைப் பற்றி, காலையில் வைத்த தம்ளரைப் பற்றி. யாரிடமும் சொன்னதில்லை. நடுக்கடலில், நான்கு நாள் மட்டுமே பழகிய ஒருவரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு சொன்னாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவள் பேச்சை நிறுத்திக் கழுத்தை நீட்டினாள். முன்னால் கடல் வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்தது.

“அலை உடையுது! அங்க ஆழம் இல்ல காக்கா! திட்டு!”

“நேரா போனா பாறை கிழிச்சுடும்!”

“சுத்திப் போவோம்! அந்தப் பக்கம் தண்ணி பச்சையா இருக்கு பாருங்க! கால் வருதா?”

“ஒரு கால் வருது!”

“அது போதும், உதைங்க!”

மூன்று கால்களால் உதைத்தார்கள்! நீரோட்டம் அவர்களைத் தாண்டி இழுத்துப் போகப் பார்த்தது. செண்பகத்தின் தொடை எரிந்தது. நுரையீரல் வெடிக்கும்போல இருந்தது. ஒரு பேரலை பாறைமேல் அறைந்து தெறித்த நீர் முகத்தில் அடித்தது. இன்னும் ஓர் உதை! இன்னும் ஒன்று! சட்டென்று இரைச்சல் பின்னால் போனது. தண்ணீர் அமைதியாயிற்று. கால் தரையில் பட்டது!

மார்பளவு நீரில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கே நிற்கிறோம் என்று பார்க்க, செண்பகம் முகத்தை நீருக்குள் விட்டாள்.

காலடியில் இருந்தது மணல் இல்லை.

சோழிகள்! குவியல் குவியலாக, பவளம் படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, மேடாகப் படுத்துக் கிடந்தன. இடுக்குகளில் உதிரியாகக் கிடந்தவை பால் நிறத்தில் பளபளத்தன. மேட்டின் ஓரத்தில் துருவும் பாசியும் ஏறிய ஒரு நங்கூரம் தன் கையை மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி அபுதாகிருக்கு மாட்டிவிட்டு, அவர் தலையைப் பிடித்து நீருக்குள் அமுக்கினாள்.

அவர் வெகுநேரம் எழவில்லை. கண்ணாடியோடு இருந்த மூச்சுக்குழாய் வழியே ஏதோ ஒரு விசித்திர ஒலி மட்டும் வந்தது. எழுந்து கண்ணாடியைக் கழற்றியபோது முகத்தில் ஓடியது கடல்நீர் மட்டும் இல்லை. வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காயல்பட்டினத்து அபுதாகிருக்குப் பேச வரவில்லை!

செண்பகம்தான் பேசினாள். “நம்மளை இழுத்துட்டு வந்த அதே நீரோட்டந்தான் காக்கா. உங்க மரக்கலம் வாய்க்கால்ல முழுகல. பாய்மரம் ஒடிஞ்சோ என்னவோ, இங்க வந்து மோதியிருக்கு.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆரஞ்சுக் குழாய்கள் இரண்டையும் ஊதி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்கள். கை மரத்தபோது தோளில் சாய்த்துக்கொண்டார்கள். மிதந்துகொண்டே இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள். ஒரே இடத்தில் நின்றதால், வானம் சிவந்து அணைவதற்குள், நீரோட்டத்தின் வழியே சலித்துத் தேடி வந்த தோணி அவர்களைக் கண்டுவிட்டது. தோணி நிற்குமுன்பே ஷிஹாம் கடலில் குதித்தான்.

“அங்கேயே நில்லுன்னு சொன்னேனே அக்கா! சொன்னேனே!” அவன் திட்டினான். திட்டிக்கொண்டே அழுதான். “காக்காவைக் கீழ தேடிக் காணாம மேல வந்து பாக்குறேன், ரெண்டு பேரையும் காணோம்!”

“ஷிஹாம், கீழ பாரு” என்றாள் அவள்.

அவன் பார்த்தான். பிறகு தோணியோட்டியையும் வந்து பார்க்கும்படி கையசைத்து அழைத்தான்.

மறுநாள் காலையில் கேப்டன் கப்பலையே அந்தத் திட்டுக்கு அருகே கொண்டுவந்தார். கடல்வரைபடத்தில் ஆபத்தான பாறை என்று ஒரு குறி மட்டும் இருந்த இடம்; எல்லாப் படகுகளும் விலகிப் போகும் இடம். சாய்வு நாற்காலிகளில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் முழுகினார்கள். கேப்டன் மாலேயில் உள்ள அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: ஒரு சோழியைக்கூட யாரும் தொடக் கூடாது. அபுதாகிர் காலைக் கட்டிக்கொண்டு, இரவல் கண்ணாடியுடன் நீருக்குள் மண்டியிட்டு, சோழி மேட்டுக்குச் சற்று மேலே கையை விரித்து வைத்திருந்தார். தொடவில்லை. செண்பகம் அவர் பக்கத்திலேயே மிதந்தாள். அவர் நகர்ந்தபோது நகர்ந்தாள்.

புதையல் என்று எதைத் தேடிப் போனாலும், கூட வருகிற ஆளைக் கண்ணை விட்டு நழுவவிடக் கூடாது. அவளுக்குக் கடல் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லா நாற்காலிகளும் ஒரே மேசையைச் சுற்றி நெருங்கி வந்துவிட்டன. நடுவில் அபுதாகிர். பேச்சு திரும்பி வந்திருந்தது!

“அலைன்னா அப்படி ஒரு அலை, பனைமர உசரம்! சுறா சுத்துது! ஒண்ணு இல்லே, நாலு! தங்கச்சி ஒரு கையால என்னைத் தூக்கிப் பிடிச்சு, மறு கையால அதுங்களை விரட்டுறா!”

பெங்களூர்க்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செண்பகத்தின் பக்கம் திரும்பினார். “உண்மையாவா மேடம்? நாலு சுறாவா?”

அபுதாகிர் சோற்றில் கை வைத்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

செண்பகம் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“காக்கா குறைச்சுச் சொல்லுதாங்க” என்றாள். “ஆறு.”