ஒருவருக்கும் ஒன்றும் தேவையில்லை

கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை எட்டேகால் மணி. காலி வீதியோரம் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, கொட்டாஞ்சேனை முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்கு நான்கு வீடு முன்னால் அவளுடைய அலுவலகம். பழைய ஓட்டு வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் எல்லாம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. ரயில் போகும்போது மேசை மேலிருக்கும் தேநீர் கோப்பைகள் நடுங்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது, பெப்ரவரி ஒன்பதாம் திகதி. வன்னியில் யுத்தம் சனத்தைக் கடற்கரைப் பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்த காலம்.

அவள் வேலை செய்தது ஒரு சின்ன நிவாரண நிறுவனத்தில். யுத்தத்துக்குள் அகப்பட்ட சனத்துக்கு என்னென்ன தேவை என்று கணக்கெடுத்து அறிக்கை எழுதும் பிரிவுக்கு அவள் தலைவி. எத்தனை குடும்பம், எத்தனை நாளைக்குச் சாப்பாடு, தண்ணீர் எங்கே, மருந்து என்ன, கூரை உண்டா என்று ஒரு படிவம் இருந்தது. அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் கப்பலில் என்ன ஏற்றுவது என்று மேலே முடிவு செய்வார்கள். ஆனால் கடந்த செப்டம்பரில் நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேறவேண்டி வந்தது. அதன்பிறகு அவளுக்கு அங்கே கண்ணும் காதுமாக மிஞ்சியது ஒரே ஒருவர், சவுந்தரநாயகம். கள உத்தியோகத்தர். அவரும் மனைவி பிறிஜெற்றும் மகள் ஜெசிந்தாவும் அந்த ஊர்க்காரர் என்பதால் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு பழைய வயர்லெஸ் செற்றும் கார் பற்றரியும் வைத்துக்கொண்டு தினமும் காலை பதினொரு மணிக்குப் பேசுவார்.

டிசம்பரில் ஒருநாள் அவர் சொன்னார். "மிஸ், ஒரு பாதை இருக்காம். பிறிஜெற்றையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிய வரலாமெண்டு யோசிக்கிறன். ஓவர்."

ஒரு கிழமையில் அறிக்கை கொடுக்கவேண்டியிருந்தது. "இந்த ஒரு கணக்கெடுப்பை மட்டும் முடிச்சிட்டு வாங்கோவன். ஒரு கிழமைதானே" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

அவர் முடித்துக் கொடுத்தார். அந்தக் கிழமைக்குள் பாதை மூடிவிட்டது.

ஜனவரி முப்பத்தோராம் திகதியோடு அவருடைய குரலும் நின்றுபோனது. ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் அவள் பின்னறையில், வயர்லெஸ் பார்க்கும் ஒஸ்வால்ட் அங்கிளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். ஒஸ்வால்ட் முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல்களோடு பேசியவர். ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலை. அந்த அறையில் ஈரச் சுண்ணாம்பு மணக்கும். வெயில் நேரத்திலும் மின்விளக்குப் போடவேண்டும்.

அன்றைக்கும் பதினொரு மணிக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது. ஒஸ்வால்ட் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

திடீரென்று இரைச்சல் அடங்கியது.

"மிஸ், சவுந்தரநாயகம் கதைக்கிறன்."

கொன்ஸ்ரன்ஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "மாதாவே! எங்க போனீங்கள் இவ்வளவு நாளும்? எல்லாரும் சுகமோ? பிறிஜெற், ஜெசிந்தா?"

"படிவத்தைத் தொடங்குவம், மிஸ்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் எப்போதும் இப்படித்தான், வேலை முதல். பென்சிலை எடுத்தாள்.

"குடும்பம் எத்தினை?"

"நானூற்றிப் பன்னிரண்டு."

"சாப்பாடு எத்தினை நாளைக்குக் காணும்?"

"தேவையில்லை, மிஸ்."

"தண்ணி?"

"தேவையில்லை."

"மருந்து?"

"இஞ்ச ஒருத்தருக்கும் நோவில்லை."

"கூடாரத் துணி? மழையெல்லோ?"

"எல்லாருக்கும் இடம் இருக்கு. ஒருத்தரும் நனையேல்லை."

எங்கிருந்தோ சாமான் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். நம்ப விரும்பினாள் என்பதுதான் உண்மை. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்காமல் படிவத்தைத் தட்டச்சு செய்து மத்தியானத்துக்கு முன்பே மேலே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஐந்நூற்று முப்பது குடும்பம். அதற்கு அடுத்த நாள் அறுநூற்றுக்கு மேல். ஒவ்வொரு கேள்விக்கும் அதே பதில். நாலாம் நாள் பேசி முடிந்ததும் ஒஸ்வால்ட் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளை, ஒரு விஷயம் சொன்னா பயப்படக்கூடாது."

"என்ன அங்கிள்?"

"இந்த ஊசியைப் பாரும்." செற்றின் முகத்தில் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு ஊசி இருந்தது. "சிக்னல் வந்தா இது துள்ளவேணும். எவ்வளவு தூரத்தில இருந்து வந்தாலும் கொஞ்சமாவது ஆடும். அவர் கதைக்கிற நேரம் இது செத்தமாதிரிக் கிடக்கு. நாலு நாளும் பார்த்திட்டன்."

"மெஷின் பழுதா இருக்கும்."

"மற்ற எல்லாத்துக்கும் துள்ளுது, பிள்ளை. அவருக்கு மட்டும்தான் இல்லை. கதைச்சு முடிக்கேக்க வயர்லெஸ்ஸில சொல்ற 'ஓவர்' கூட அவர் இப்ப சொல்றதில்லை. கவனிச்சீரோ?"

அவள் கவனித்திருந்தாள். இன்னொன்றையும் கவனித்திருந்தாள். முன்பெல்லாம் அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு உலகம் கேட்கும். குழந்தைகள் அழும், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தூரத்தில் பீரங்கிச் செல் விழுந்து வெடிக்கும். இப்போது பின்னால் ஒன்றுமே இல்லை.

மூச்சுக்கூட இல்லை.

அடுத்த கிழமை ஒருங்கிணைப்புக் கூட்டம். நீண்ட மேசையில் அவளும் திட்டத் தலைவர் இரத்தினசிங்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்த அரசாங்க அதிகாரி ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். அவளுடைய படிவம்.

"உங்கள் ஆட்களே சொல்கிறார்கள், அங்கே ஒன்றும் தேவையில்லை என்று. பிறகு எதற்குக் கப்பல்?"

அந்தக் கிழமைக் கப்பலில் அவர்களுடைய பால்மாவும் சேலைனும் ஏறவில்லை.

வெளியே வந்ததும் அவள் இரத்தினசிங்கத்தின் கையைப் பிடிக்காத குறை. "அந்தத் தகவல் பிழை, சேர். திருப்பி எடுக்கவேணும்."

"என்ன பிழை? அவர் சொன்னதைத்தானே எழுதினனீர்?"

என்ன சொல்வது? ஊசி ஆடவில்லை என்றா?

"கொன்ஸ்ரன்ஸ், உள்ளுக்க இருந்து எங்களுக்கு வாற ஒரே சத்தம் அதுதான். அதையும் பிழையெண்டு சொன்னா எங்களிட்ட கதைக்க ஒண்டுமில்லை. சொன்னாலும் இனி ஆர் நம்பப்போகினம்?"

ஆனாலும் அவள் கடிதம் எழுதினாள். ஒன்றல்ல, நாலு. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தேவாலயத்தில் முழந்தாளிட்டாலும் ஜெபம் வாயில் வரவில்லை, எண்கள்தான் வந்தன. பதினொரு மணியானால் கால்கள் தாமாகவே பின்னறைக்குப் போயின. போகாமல் விட்டால் அந்தக் குரல் யாரிடம் சொல்லும் என்ற நினைப்பு அவளை இழுத்துக்கொண்டு போனது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, இரண்டாயிரத்தைத் தாண்டியது. அவற்றை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. எழுதி, மடித்து, இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மார்ச் மாதம் மூன்றாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வெயில் நெருப்பாகக் கொளுத்தியது. அவளோ ஆஸ்பத்திரிப் போர்வையைத் தோளோடு போர்த்தியிருந்தாள். இடக்கண்ணில் கட்டு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"கொன்ஸ்ரன்ஸ் மிஸ் நீங்களோ? நான் சவுந்தரநாயகத்தின்ர மனுசி. பிறிஜெற்."

காயப்பட்டவர்களோடு கப்பலில் திருகோணமலைக்கு வந்து, கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்தாள். இரண்டு மணித்தியால அனுமதியோடு வந்திருக்கிறாள். கொன்ஸ்ரன்ஸ் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. சுடுகோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி இருந்தாள்.

"அவர்..." என்று கொன்ஸ்ரன்ஸ் தொடங்கினாள்.

"பெப்ரவரி மூண்டாந்திகதி, மிஸ். கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனத்தைப் பதிஞ்சுகொண்டு நிண்டவர். அந்த வரிசையிலதான் செல் விழுந்தது. நான்தான் குழி வெட்டித் தாட்டனான். இந்தக் கையால. உங்கட படிவம் சட்டைப்பையுக்க இருந்தது. அதையும் சேர்த்துத்தான் தாட்டனான்."

பெப்ரவரி மூன்று.

அவர் திரும்பி வந்து பேசியது ஒன்பதாம் திகதி.

"ஜெசிந்தா அண்டைக்கு வெருண்டு சனத்தோட சனமா ஓடினவள்" என்றாள் பிறிஜெற். "பத்து வயசு. நீலச் சட்டை. பிறகு நான் காணேல்லை. எல்லா இடமும் தேடினன். உங்கட ஆக்கள் ஆரும் இன்னும் அங்க நிக்கினமெண்டால் கேட்டுப் பாருங்கோ, மிஸ். அதுக்குத்தான் வந்தனான்."

கொன்ஸ்ரன்ஸ் அவளுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தாள். "பிறிஜெற், டிசம்பரில அவரை நான்தான் மறிச்சனான். வெளிய வாறன் எண்டு கேட்டவர். நான்தான்..."

"தெரியும். சொன்னவர். மிஸ் கேக்கிறா, ஒரு கிழமைதானே எண்டு."

அவள் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்றுக்கு ஒரு நிமிஷம். பின்னறைக் கதவு திறந்துதான் கிடந்தது. பிறிஜெற்றை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவசரமாக எழும்பினாள்.

இரைச்சல் அடங்கியது.

"மிஸ், சவுந்தரநாயகம் கதைக்கிறன்."

கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. பிறிஜெற் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னறைக்குள் போனாள். ஒஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார். அவள் செற்றுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ" என்றாள், மெல்ல. "நான் பிறிஜெற்."

மறுமுனையில் அந்தக் குரல் படிவத்தைத் தொடங்கியது.

"குடும்பத்தில எத்தினை பேர்?"

"என்னைத் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"குடும்பத்தில எத்தினை பேர்?"

"மூண்டு" என்றாள் அவள்.

"இஞ்ச ரெண்டு பேர் பதிஞ்சு கிடக்கு."

பிறிஜெற்றின் கை செற்றின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. நகங்கள் வெளுத்தன. அவள் அலறுவாள் என்று கொன்ஸ்ரன்ஸ் நினைத்தாள். அலறவில்லை.

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"தேவையில்லை."

"விடியக்காலமை அவளுக்குக் குளிரும். போர்க்க ஏதும் இருக்கோ?"

ஊசி ஆடாமல் கிடந்தது. அறைக்குள் ஈரமணலின் வாடை எழும்பியது. கடல் மணலின் வாடையல்ல. அன்றுதான் வெட்டிய குழியின் வாடை.

"தேவையில்லை."

பிறிஜெற் எழும்பிப் போர்வையைச் சரிசெய்தாள். படலைவரை வந்த கொன்ஸ்ரன்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனித் தேடத் தேவையில்லை, மிஸ்" என்றாள். ஒழுங்கையின் வெயிலுக்குள் மெதுவாக நடந்து போனாள்.

அன்று பின்னேரமே கொன்ஸ்ரன்ஸ் ஒஸ்வால்டிடம் சொல்லிவிட்டாள். "கழற்றுங்கோ, அங்கிள். எல்லாத்தையும் கழற்றுங்கோ." அவர் பற்றரி வயரைப் பிடுங்கினார். கூரையிலிருந்து அன்ரனாக் கம்பியை இறக்கிச் சுருட்டினார். செற்றைத் துணியால் மூடிக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வந்தது. இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தார்கள். பதினொன்று தாண்டி ஒரு நிமிஷம். இரண்டு. ஒஸ்வால்ட் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

வெளி அறையில் தொலைபேசி அடித்தது.

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஒரு தாதி, சிங்களத்தில் பேசினாள். பிறிஜெற் என்ற நோயாளியின் தலையணைக்குக் கீழே இந்த இலக்கம் எழுதிய கடதாசி இருந்ததாம். காய்ச்சலும் இல்லையாம், இரத்தம் போகவும் இல்லையாம். டொக்டர்மாருக்கே ஏனென்று விளங்கவில்லையாம். காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் படுத்தவள் எழும்பவில்லை. சொந்தக்காரர் யாராவது வரமுடியுமா?

"வாறன்" என்று சொல்லி கொன்ஸ்ரன்ஸ் ரிசீவரை வைத்தாள். கைப்பையை எடுத்தாள்.

பின்னறையில் ஒஸ்வால்டின் கதிரை சரிந்து விழும் சத்தம் கேட்டது.

அவள் வாசலில் போய் நின்றாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கட்டிய துணியைக் கையால் சுட்டிக் காட்டினார்.

துணிக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல், பாடம் ஒப்புவிப்பதுபோலத் தெளிவாக வந்தது.

"மிஸ், இண்டைக்கு அம்மாவும் வந்திட்டா. எங்கட வீட்டில இப்ப மூண்டு பேர்."

கொன்ஸ்ரன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒண்டும் தேவையில்லை" என்றது குரல். பிறகு, தாள் புரளும் சத்தம். புதிய படிவம் ஒன்றை யாரோ எடுப்பதுபோல.

"உங்களுக்கு என்ன தேவை, மிஸ்?"

கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. அது போய் முடியும்வரை அந்தக் குரல் பொறுமையாகக் காத்திருந்தது. போனபிறகும் காத்திருந்தது.

முதல் தடவையாக, மறுமுனையில் மூச்சு கேட்டது. ஒருவருடையதல்ல. வரிசையாக, பின்னால், இன்னும் பின்னால், எண்ண முடியாத அளவு பேருடைய மூச்சு.