கெட்டிமேளத்தில் கேட்ட அலறல்

பர்சானா காவல் நிலையத்துக்கு வந்தபோது அழவில்லை. அழுது தீர்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். உத்திரமேரூர்க் கல்யாண மண்டபத்துக் கிணற்றில் சமையல்காரர் சின்னப்பையன் பிணமாகக் கிடந்தார். தள்ளிவிட்டது அவள் கணவன், பந்தல்காரன் மஹபூப் பாஷாதான் என்று லாக்கப்பில் வைத்திருந்தார்கள்.

“பந்தல் கால் விசயமா காலைல சமையல்காரரோட வாய்ச்சண்டை போட்டாரு மேடம். அதுக்குக் கொலைகாரன்னுட்டாங்க” என்றாள் இன்ஸ்பெக்டர் மலர்க்கொடியிடம்.

ஏட்டு சுகுமாருக்கோ வழக்கு முடிந்த மாதிரிதான். மணப்பெண் சுதாவின் தாய்மாமன் சுப்பிரமணியே சாட்சி. தாலி கட்டும் நேரம் வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தாராம். கிணற்றடியிலிருந்து ‘பாஷா, வுட்றா’ என்று அலறல் கேட்டதாம்.

மலர்க்கொடி கல்லூரியில் வரலாறு படித்தவள்.

“ரோமாபுரியில பலி கொடுக்கும்போது பக்கத்துல குழல் ஊதிக்கிட்டே இருப்பாங்க சுகுமார். கெட்ட சத்தம் எதுவும் பூசாரி காதுல விழக்கூடாது. விழுந்தா பலியே செல்லாது.”

“அதுக்கும் இதுக்கும் இன்னா மேடம்?”

“தாலி கட்டும்போது நாம என்ன பண்றோம்?”

சுகுமாருக்குச் சுருக்கென்றது. அதே மேளக்காரர்களை மண்டபத்துக்கு வரவழைத்து, ஒலிபெருக்கி வைத்துக் கெட்டிமேளம் முழங்கச் சொன்னார்கள். சுகுமார் கிணற்றடியில் தொண்டை கிழியக் கத்தினான். வாசலில் நின்ற மலர்க்கொடிக்கும் பர்சானாவுக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

சுப்பிரமணியையும் சுதாவையும் அங்கேயே அழைத்தாள்.

“வாசல்ல நின்னவங்களுக்குக் கேட்டிருக்காது. பின்ன ஏன் இந்தப் பொய்? தாலி ஏறும்போது தாய்மாமன் மேடையில இல்லன்னு ஊரே பார்த்திருக்கு. அதுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு. எங்க இருந்தீங்க, கிணத்தடியிலதானே?”

சுப்பிரமணி ஒவ்வொன்றாகக் கொட்டினார். மாப்பிள்ளைக்குத் திருமுக்கூடலில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள். அந்தக் கல்யாணத்துக்கும் சமைத்தவர் சின்னப்பையன். மாப்பிள்ளையை அடையாளம் கண்டதும் கல்யாணத்தை நிறுத்த மேடையை நோக்கி ஓடி வந்திருக்கிறார்.

“வழியிலயே மடக்கி, கிணத்தடிக்கு இழுத்துக்கினு போயி, தாலி ஏறுற வரிக்கும் வாயப் பொத்திப் புடிச்சிக்கினு இருந்தேன். திமிறினான், தள்ளிட்டேன். கல்யாணம் நின்னா உன் பேரு கெட்டுடும்னுதான் சுதா.”

பாஷாவை விடுவிக்கச் சுகுமார் ஜீப்பை நோக்கி ஓடினான்; பர்சானா பின்னாலேயே ஓடினாள்.

சுதா மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மனுசன் என்னியக் காப்பாத்த வந்தாரு மாமா.”

மஞ்சள் ஈரம் காயாத தாலியைக் கழற்றி மலர்க்கொடியின் கையில் வைத்தாள்.

“மாப்ள மேலயும் கேஸ் எழுதுங்க மேடம். நான் கையெழுத்துப் போடறேன்.”