கண் வரைந்த கதவு

கடலோர விடுதியில் தங்கிக்கொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தும்பியைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பழைய விடுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜன்னல் இருந்தது. எந்த ஜன்னலுக்கு வெளியிலும் கடல் இருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் வட்டமாக ஒரு ஜன்னல். சாப்பாட்டுக் கூடத்தில் சுவர் முழுக்க ஜன்னல்கள். குளியலறையில்கூட உயரத்தில் ஒரு குட்டி ஜன்னல்.

தும்பி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஜன்னல் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன பாப்பா, கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள் விடுதியை நடத்தும் அத்தை. அவள் கையில் மடித்த விரிப்புகள் முகவாய் வரை அடுக்கியிருந்தன.

"இல்ல அத்தை. கடலைப் பார்க்கக் கூடாதுன்னு இருக்கேன்."

அத்தை நின்றுவிட்டாள். "கட்டில் சத்தம் போடுதுன்னு சொன்னவங்க உண்டு. அலை சத்தத்துல தூக்கம் வரலைன்னு சொன்னவங்களும் உண்டு. கடலைப் பார்க்க மாட்டேன்னு இங்க வந்து தங்குற முதல் ஆள் நீதான்."

காரணம் அவளுடைய தம்பி.

அவன் ஒல்லியாக இருப்பான். பேச்சும் சுருக்கென்று குத்தும். அதனால் வீட்டில் அவனுக்குக் குண்டூசி என்று பெயர். அக்காவும் தம்பியும் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. கிளம்பும்போதே இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி, சேர்ந்துதான் பார்க்க வேண்டும். யாரும் முந்தக் கூடாது.

ஆனால் பஸ் ஊரை நெருங்கியபோது குண்டூசியால் பொறுக்க முடியவில்லை. அக்கா தண்ணீர் குடிக்கக் குனிந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டினான். எதிரே ஒரு லாரி போனது. அது கிளப்பிவிட்ட மண் மொத்தமும் அவன் கண்ணில்.

கடல் தெரியவில்லை. கண்ணைக் கசக்கினான். இன்னும் கசக்கினான். விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு கண்ணும் தக்காளிப் பழம்.

டாக்டர் கண்ணைக் கழுவி மருந்து விட்டார். "உள்ள கீறல் விழுந்திருக்கு. வெளிச்சம் கூடாது, காத்து கூடாது. ஜன்னலைச் சாத்தியே வைங்க. நாளன்னைக்கு வந்து காட்டுங்க. சிவப்பு போயிருந்தா வெளிய போகலாம்" என்றார். பிறகு குண்டூசியைப் பார்த்து, "முக்கியமா, கசக்கக் கூடாது. அழக் கூடாது" என்றார்.

நாளன்றைக்குச் சாயங்காலம்தான் ஊருக்குத் திரும்பும் பஸ். சிவப்பு போகவில்லை என்றால் கடலைப் பார்க்காமலே போக வேண்டியதுதான்.

அதை நினைத்து நினைத்து குண்டூசி அழுதான். அழுதால் கண் எரிந்தது. எரிந்தால் கசக்கினான். கசக்கினால் இன்னும் சிவந்தது.

"டேய், அழாதடா. அழுதா சரியாகாது" என்றாள் அம்மா.

"சரியாகலன்னுதான் அழறேன்" என்றான் குண்டூசி.

அந்த விடுதியில் அறைகளுக்கு எண் கிடையாது. ஒவ்வொரு கதவிலும் ஒரு படம் வரைந்திருக்கும். நங்கூரம், சங்கு, நண்டு, கொக்கு என்று. அந்தக் காலத்தில் பல தேசத்துக் கப்பல்காரர்கள் வந்து தங்குவார்களாம். ஒருவர் எழுத்து இன்னொருவருக்குப் புரியாதே. படம் என்றால் எல்லோருக்கும் புரியும். இவர்களுக்குக் கிடைத்தது ஆமை அறை.

"அதான் என் கண்ணு இவ்வளவு மெதுவா குணமாகுது" என்றான் குண்டூசி, போர்வைக்குள்ளிருந்து.

அடுத்த நாள் மதியம் அவன் அழுது களைத்துத் தூங்கிப்போனான். அம்மாவும் கண்ணயர்ந்தாள். தும்பி வெளியே வந்தாள்.

கடலைப் பார்க்காததால் அவள் கண்ணில் மற்றதெல்லாம் பட்டது. எத்தனையோ பேர் ஏறி இறங்கி மரப்படிகள் நடுவில் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தன. கைப்பிடிக் கட்டை தேய்ந்து தேய்ந்து கன்னம் போல வழவழவென்றிருந்தது. நடைபாதை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. நடந்தால் கப்பலில் போவது போல இருந்தது. சுவருக்குச் சுவர் அலையின் சத்தம் சாய்ந்து படுத்திருந்தது.

ஆனால் கழுத்து வலித்தது. ஒரு நிமிஷம் தலை நிமிர்ந்து நிற்கிற மாதிரி, ஜன்னல் இல்லாத ஓர் இடம் இந்த விடுதியில் இல்லையா?

நடைபாதையின் கோடியில் ஒரு கதவு இருந்தது. அதில் நிறம் மங்கிப்போன ஒரு கண் வரைந்திருந்தது. ஒரே ஒரு கண். தும்பி மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.

உள்ளே இருட்டு. சோப்பு வாசனை. ஜன்னல் இருந்தது, ஆனால் கனமான பலகைக் கதவு போட்டு அடைத்திருந்தது. அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு பெரிய வெள்ளை விரிப்பை உலர்த்தியிருந்தார்கள்.

'அப்பாடா' என்று தும்பி கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஒரு துணி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இங்கே கடல் வர முடியாது.

இருட்டு கண்ணுக்குப் பழகியது.

எதிரே இருந்த விரிப்பில் ஏதோ நகர்ந்தது.

ஈரமா? நிழலா? தும்பி உற்றுப் பார்த்தாள். விரிப்பின் மேல்பாதி மணல் நிறமாக இருந்தது. கீழ்ப்பாதி வெளிர்நீலம். நடுவில் பச்சையும் நீலமும் கலந்து பளபளவென்று ஏதோ ஒன்று. மணலில், தலைகீழாக, ஒரு நாய் நடந்து போனது. கால்கள் மேலே, வால் கீழே. அதன் பின்னால் நீலத்தில் ஒரு படகு தொங்கிக்கொண்டே போனது.

தும்பி சட்டென்று இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

'தலைகீழாப் பார்த்தது கணக்குல வராது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு திரும்பி, விரலிடுக்கு வழியாக ஜன்னலை மட்டும் பார்த்தாள். பலகையில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தின் முதுகில் ஏறிக் கடலும் வந்திருந்தது.

இந்த மங்கிய வெளிச்சத்தில் கண் கூசவே இல்லை. காற்றும் இல்லை. மண்ணும் இல்லை.

தும்பி குழிந்த படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

கீழே தச்சர் ஒருவர் கருவிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாடியில துணி காயப்போடுற ரூம்ல ஜன்னல் பலகையில ஒரு ஓட்டை. காலை வெயில் அது வழியா வந்து தினமும் ஒரே இடத்துல விழுது. என் பூப்போட்ட போர்வை அந்த இடத்துல வெளுத்துப்போச்சு. நல்லா ஒரு கட்டையை வெச்சு அடைச்சு விட்டுருங்க."

"ரெண்டு அடியில முடிஞ்சிரும்" என்றார் தச்சர்.

"அத்தை, அதை அடைக்காதீங்க" என்றாள் தும்பி மூச்சு வாங்க. "அது வழியா கடல் உள்ள வருது."

"ஐயையோ, நேத்துதானே துவைச்சேன்" என்று அத்தை துடைப்பத்தை எடுக்க ஓடினாள்.

"தண்ணி இல்ல அத்தை. கடல் மட்டும்."

அத்தை தச்சரைப் பார்த்தாள். தச்சர் டீயைப் பார்த்தார்.

"என் தம்பி முதல்ல பார்க்கணும். அவனைக் கூட்டிட்டு வரேன். அதுக்கப்புறம் நீங்க அடைக்கணும்னா அடைச்சுக்கங்க" என்றாள் தும்பி.

"அந்த ரூமுக்குள்ள தங்க வந்தவங்களை விடுறது இல்லையேம்மா. துவைச்ச துணி..."

"எதையும் தொட மாட்டோம். கையைப் பின்னாடி கட்டிக்கிறோம்."

"எனக்கு இன்னொரு டீ குடிக்கிற வரைக்கும் அவசரம் இல்ல" என்றார் தச்சர்.

அப்படித்தான் ஐந்து பேரும் அந்த இருட்டு அறைக்குள் போனார்கள். தும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் துணி கட்டிய குண்டூசி, அம்மா, அத்தை, டீ டம்ளருடன் தச்சர். அத்தையின் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது.

"லைட் வேண்டாம் அத்தை" என்றாள் தும்பி. "டேய், இப்ப துணியை எடுத்துடலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு."

மணல்மேல் மனிதர்கள் தலைகீழாக நடந்தார்கள். அலைகள் கீழேயிருந்து மேலே ஏறி, மணலைத் தொட்டுவிட்டு இறங்கின. ஒரு சின்னக் காற்று அறைக்கதவின் இடுக்கில் நுழைந்து விரிப்பை அசைத்தது. கடல் முழுவதும் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"அக்கா" என்றான் குண்டூசி மெதுவாக. "அவங்கெல்லாம் வானத்துல விழுந்துட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நல்லா ஒட்டிட்டு இருக்காங்க."

"சத்தம் மட்டும் நேரா கேக்குது."

"ஆமாம்ல" என்றாள் அம்மா. தூக்கத்தில் பேசுவது போல இருந்தது அவள் குரல்.

அத்தை சுவரில் சாய்ந்து நின்றாள். "எத்தனை வருஷமா இங்க துணி போடுறேன். கதவைத் திறந்ததும் முதல் வேலையா லைட்டைப் போட்டுருவேன். ஒருநாள்கூட இருட்டுல நின்னது இல்ல."

தச்சர் ஜன்னல் பக்கம் போய், ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். அந்த நிமிஷம் கடல் மறைந்துவிட்டது.

"மாமா, விரலை எடுங்க" என்று கத்தினான் குண்டூசி.

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்." கடல் திரும்பி வந்தது. தச்சர் அத்தையிடம் சொன்னார்: "அம்மா, இது பூச்சி அரிச்ச ஓட்டை இல்ல. உள்ள பித்தளை வளையம் இருக்கு. யாரோ அளவெடுத்துத் துளைச்சிருக்காங்க."

"அப்ப கதவுல இருக்குற கண்ணு இந்த ஓட்டைதானா?" என்றாள் தும்பி.

"நாங்க அதை வேற மாதிரி நினைச்சுட்டோம்" என்றாள் அத்தை. "திருட்டுப் போகாம இருக்க வரைஞ்சிருக்காங்கன்னு நினைச்சு, நல்ல போர்வையெல்லாம் இங்க கொண்டுவந்து வெச்சேன்."

தச்சரின் டீ ஆறிப்போயிருந்தது. "இப்ப சொல்லுங்க. அடைக்கவா, வேண்டாமா?"

அத்தை விரிப்பைப் பார்த்தாள். அந்த நாய் திரும்பி வந்துகொண்டிருந்தது. பிறகு தன் பூப்போட்ட போர்வையைப் பார்த்தாள்.

"கண்ணுக்கு இமை இருக்குமே அத்தை" என்றாள் தும்பி. "காலையில மூடிக்கும். மதியம் திறந்துக்கும். அந்த மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?"

தச்சர் பையைத் திறந்தார். ஒரு சின்னக் கட்டைத் துண்டை அரைவட்டமாக இழைத்து, ஓட்டைக்கு மேலே ஒற்றை ஆணியில் தொங்கவிட்டார். ஒரு விரலால் தள்ளினால் அது மூடியது. இன்னொரு பக்கம் தள்ளினால் திறந்தது. குண்டூசி அதை நூறு தடவையாவது மூடித் திறந்திருப்பான். அத்தைதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வெயில் சாயும்வரை அக்காவும் தம்பியும் அங்கேயே இருந்தார்கள். குண்டூசி ஒருமுறைகூடக் கண்ணைக் கசக்கவில்லை. கசக்கினால் ஏதாவது ஒரு படகு தப்பிவிடுமே.

"அக்கா."

"என்ன?"

"பஸ்ல நான் முந்திக்கப் பார்த்தேன்."

"தெரியும். கண்ணு முழுக்க மண்ணோட மாட்டுனியே."

"அப்புறம் நீ ஏன் பார்க்காம இருந்த? நான்தான் ஏமாத்திட்டேனே."

தும்பி யோசித்தாள். "தனியாப் பார்த்தா, 'அங்க பாரு, அங்க பாரு'ன்னு யார்கிட்ட சொல்றது?"

குண்டூசி கொஞ்சம் நகர்ந்து, மூட்டையில் அவளுக்கு நிறைய இடம் விட்டான்.

கிளம்பும் நாள் காலையில் டாக்டர் அவன் கண்ணை விரித்துப் பார்த்தார். "அட, வெள்ளையாயிடுச்சே. வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச நேரம் போகலாம்" என்றார்.

வெயில் விடுதிக்குப் பின்னால் போனதும் மூன்று பேரும் கடற்கரைக்கு நடந்தார்கள். தும்பியும் குண்டூசியும் கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கால் புதைந்தது. காற்று முகத்தில் உப்பாக மோதியது.

"நில்லுங்க" என்றாள் அம்மா. "ஒண்ணு, ரெண்டு, மூணு."

கடல்.

நிஜமான, நேரான, கரை காணாத கடல். தும்பியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

குண்டூசி மட்டும் புருவத்தைச் சுருக்கினான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான்.

"என்னடா?"

"அக்கா, இதைத் தலைகீழா வெச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். நன்றாகக் குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தான். "ம். இப்பச் சரியா இருக்கு."

தும்பியும் குனிந்தாள். மணல் மேலே, வானம் கீழே, அலைகள் மேல்நோக்கி ஏறி வந்தன. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவளும் குனிந்தாள். அந்த நாய் வந்து, வரிசையாகத் தொங்கிய மூன்று தலைகளையும் மோந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு மூவரும் திரும்பி நின்று, அதே மாதிரிக் குனிந்து, விடுதிக்கும் கை அசைத்தார்கள்.

பையை எடுக்க உள்ளே வந்தபோது, அத்தை கண் வரைந்த கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா அத்தை, நாங்க கை அசைச்சதை?" என்று கேட்டாள் தும்பி.

"பார்க்காம என்ன? விரிப்புல கரை முழுக்க எல்லாருக்கும் தலை கீழ இருந்துச்சு" என்றாள் அத்தை. "உங்க மூணு பேருக்கு மட்டும்தான் நேரா இருந்துச்சு."