பதினாலு பேர் போதும்!

செல்போன் அலறியது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அனுசுயா எடுத்தாள்.

"அக்கா..! கவுன்சிலரு வாய்க்கால்ல செத்துக் கெடக்காருக்கா! தலையெல்லாம் ரத்தம்..!"

விடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வீட்டுப் பவானியின் குரல்.

அனுசுயா அடுப்பை அணைக்காமலே வாய்க்காலுக்கு ஓடினாள்.

மடைப்பட்டி பேரூராட்சியின் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர்... அனுசுயாதான்!

மகளிர் வார்டு. ஜெயித்தது அவள். கூட்டத்துக்குப் போனது, மாலை வாங்கியது, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தது எல்லாம் அவள் கணவன் சுருளிராஜன். கையெழுத்து வாங்க மட்டும் வீட்டுக்கு ஆள் வரும். ஊரே அவனைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டது.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் 'கவுன்சிலர் சம்சாரம்'!

மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஹேமாவதி வந்தார்.

"பின்மண்டையில அடி. அதுக்கப்புறம்தான் வாய்க்கால். கொலைதான்மா... யார் மேலயாவது சந்தேகம்?"

"நாளன்னிக்குக் கூட்டம் மேடம். பெரியமடை வயலை வீட்டுமனையா மாத்தலாம்னு தீர்மானம் வருது. ரெண்டு போகம் நெல்லு விளையிற பூமி! அது பிளாட்டாச்சுன்னா வாய்க்காலை மூடிருவாக. கீழ இருக்கற அம்புட்டு வயலும் காஞ்சு போகும்."

"கேக்குறது யாரு?"

"ரியல் எஸ்டேட் செல்வமணி. தலைவர் ராஜமணியும் அவரு பக்கந்தான். ஏழு பேரு சரிங்கறாக. ஏழு பேரு வேணாங்கறாக. மிச்சம்... எங்க ஓட்டு."

"உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம்?"

அனுசுயா உடைந்து அழுதாள்.

"செல்வமணியோட ஒரே ஜீப்புலதான் சுத்துனாக. நேத்து சண்டை போட்டேன். 'நானே கூட்டத்துக்கு வருவேன், வேணாம்னு கை தூக்குவேன்'னு கத்துனேன். உடனே வண்டியை எடுத்தாக. அந்த ஆளுக்கு வாக்குக் குடுக்கத்தான் போறாகன்னு நெனைச்சு... போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன் மேடம்!"

ஹேமாவதி யோசித்தார்.

"தன் பக்கம் இருக்கிற ஆளை செல்வமணி எதுக்குக் கொல்லணும்? அப்போ... வேணாம்னு சொல்ற விவசாயிங்கள்ல யாரோ!"

தினமும் முகம் பார்த்துப் பேசுகிற சனங்களில் ஒருவரா? யாரை நம்பி வாசலைத் திறப்பது?

மூன்றாம் நாள்.

துக்க வீட்டை விட்டு அவள் கிளம்பியபோது தெருவே வாயில் கை வைத்தது. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்றுகூட யாரோ முணுமுணுத்தார்கள். துணைக்கு வந்த ஹேமாவதி ஜீப்பை நிறுத்த, அனுசுயா முதல் தடவையாகக் கூட்ட அறைக்குள் நுழைந்தாள்.

தலைவர் ராஜமணி பதறி எழுந்தார்.

"என்ன தாயி, இந்த நேரத்துல இங்கன..?"

"ஓட்டுப் போட வந்தேண்ணே."

பார்வையாளர் பெஞ்சிலிருந்து செல்வமணி துள்ளினான்.

"அதெப்பிடி? கவுன்சிலர்தான் தவறிட்டாரே! வார்டு காலி. பதினாலு பேரை வச்சு நடத்துங்க. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு இருக்குல்ல?"

செயல் அலுவலர் ஸ்டீவன் தலையைச் சொறிந்தார்.

"என்ன சார், மறுபடியும் பதினாலு? அன்னிக்கும் இதைத்தானே சொன்னீக. கவுன்சிலர் இந்தம்மாதான் சார். செத்தது அவுக வீட்டுக்காரரு!"

"இந்தம்மாவா..?" செல்வமணி தலைவரைப் பார்த்தான்.

அனுசுயா ஸ்டீவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கும்னா... என்னிக்கு சார்?"

"அதாம்மா, அவரு எறந்த அன்னிக்கு. விடியறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, 'கூட்டத்தைத் தள்ளி வைக்காதீக, பதினாலு பேர் போதும்'னாரு. நான் தூக்கக் கலக்கத்துல சரி சரின்னு..."

ஸ்டீவன் பாதியில் நிறுத்தினார்.

"விடியறதுக்கு முன்னாடியா..?" அனுசுயா வீறிட்டாள். "பவானி பொணத்தைப் பார்த்ததே விடிஞ்சப்புறந்தானே! ஒரு ஆளு கொறையும்னு இவருக்கு எப்பிடித் தெரியும்?"

செல்வமணி வாசலுக்குப் பாய்ந்தான்.

வாசலில் ஹேமாவதி!

கன்னத்தில் ஒரே அறை. செல்வமணி தரையில்.

"கடைசி நேரத்துல கால வாரிட்டான் மேடம்! வயக்காட்டுல நின்னுக்கிட்டு, 'ஓட்டு என்னுது இல்லய்யா, அவளுது. அவ வேணாம்னா வேணாந்தான்'னான். நழுவுறதுக்குப் பொண்டாட்டி மேல பழியைப் போடுறான்னு நெனைச்சேன்... கம்பியை எடுத்துட்டேன். ஊரே அவனைத்தானே கவுன்சிலருன்னு சொல்லுச்சு!"

அனுசுயா அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

சுருளிராஜன் ஓட்டை விற்கப் போகவில்லை... சொல்லிவிட்டு வரப் போயிருக்கிறான்! அவளுடைய ஓட்டு அவளுடையது என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கே அவன் உயிர் போய்விட்டது. அவள் அனுப்பிய கடைசி வார்த்தையோ, போய்த் தொலைங்க. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எதிரே இருந்தவர்களால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தீர்மானத்தை ஓட்டுக்கு விடுங்கண்ணே."

ராஜமணி தீர்மானத் தாளை எடுத்தார். "வேணாங்கறவுக... கை தூக்குங்க."

ஏழு கைகள் உயர்ந்தன.

எட்டாவதாக அனுசுயாவின் கை. கண்ணாடி வளையல் இல்லாத கை. எண்ணி முடிக்கும் வரை இறங்கவில்லை.

தீர்மானம் தோற்றது!

விலங்கோடு நின்ற செல்வமணி புலம்பினான். "போச்சு... எல்லாம் போச்சு! ஒரு பிளாட்டுகூடத் தேறலையே!"

ஹேமாவதி அவன் தோளில் தட்டினார்.

"யார் சொன்னது? மதுரை ஜெயில்ல உனக்கு ஒண்ணு ஒதுக்கியாச்சு. சுத்திலும் காம்பவுண்டு, இருபத்துநாலு மணி நேரமும் வாட்ச்மேன்... அப்ரூவ்டு பிளாட்டுய்யா!"