ஒட்டிக்கோ

குழந்தைகள் வார்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று எங்களைப் பழைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு அந்த இடம் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. டெட்டால் நெடிக்கு அடியில், ஈரத்துணியை மூட்டைகட்டி மறந்துவிட்டது போல ஒரு புழுங்கிய வாடை.

ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளோடு விளையாடி அந்தப் பயத்தைத் தணிப்பது என் வேலை. முதலில் பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டுவேன். வலிக்காது என்று மட்டும் சொல்லமாட்டேன். குழந்தைகளிடம் பொய் கூடாது என்பது எங்கள் முதல் விதி. பிறகு என் நாய் சோம்பேறி வருவான். 'ஒட்டிக்கோ' என்றால் கட்டிலில் ஏறிக் குழந்தையின் காலோடு சேர்ந்து படுப்பான். 'விடு' என்றால் இறங்கிவிடுவான். ஒரு நாளும் சொதப்பியதில்லை.

அன்று மதியம் வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கயிற்றை இழுத்தேன். பல்லைக் காட்டினான்.

என்னிடம்.

தானாகப் பின்னால் வருவான் என்று கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போனேன். கடைசிக் கட்டிலில் ஐந்து வயதுச் சிறுமி. காய்ச்சல் இறங்கவே இல்லை, மருந்து உடனே ஏறியாக வேண்டும். அவள் உதைத்த உதையில் நர்ஸின் தட்டு பறந்துபோய்த் தரையில் கிடந்தது. கண் கூசுகிறது என்று ஜன்னல் திரையை வேறு மூடி வைத்திருந்தார்கள்.

"கூப்பிடும்மா உன் நாயை," டாக்டர் எரிந்து விழுந்தார். "வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாத்தான் வருமா?"

"நாயும் வேணாம், பொம்மையும் வேணாம்," என்று சிறுமியின் அம்மா முறைத்தாள். "என் புள்ள பொழைச்சாப் போதும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

"ஒட்டிக்கோ."

மெத்தை அமுங்கியது.

சிறுமி சட்டென்று அடங்கிப்போனாள். ஊசி இறங்கியபோது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "அப்பாடா," என்று டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கிளம்பிவிட்டார். நர்ஸும் பின்னாலேயே போனாள்.

"விடு," என்றபடி திரும்பினேன்.

சோம்பேறி வாசலில்தான் இருந்தான். உடம்பு நடுங்க, கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறுமியின் காலோரம் மெத்தையில் நீளமாக ஒரு பள்ளம். அதில் எதுவும் இல்லை.

"விடு," என்றேன் மறுபடியும்.

பள்ளம் முழங்காலிலிருந்து இடுப்புக்கு நகர்ந்தது.

"அதுக்கு அந்த வார்த்தை தெரியாதாம்க்கா," என்று சிறுமி கிசுகிசுத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "மேல வருது. குளிருதுக்கா."

அம்மா அவளைத் தூக்கப் பார்த்தாள். அசைக்கக்கூட முடியவில்லை. அந்தச் சின்ன உடம்பு கருங்கல்லாய்க் கனத்தது.

"எம்பொண்ணை என்னடி பண்ணே?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பள்ளம் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அதற்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. என் இடது தொடையைத் தட்டினேன்.

"இங்க வா. ஒட்டிக்கோ."

மெத்தை எழும்பியது. சிறுமி வீறிட்டாள். "வலிக்குதும்மா, கை வலிக்குதும்மா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்படி ஓர் இனிமையான அழுகையை நான் கேட்டதே இல்லை.

என் இடது கால் மட்டும் ஜில்லிட்டுப்போயிருந்தது.

காய்ச்சல் விட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று வழியனுப்பப் போனேன். சோம்பேறி இப்போது வேறொரு பெண்ணோடுதான் வேலைக்கு வருகிறான். என் நிழலைக் கண்டாலே உறுமுகிறான். சிறுமி அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அது இன்னொரு வார்த்தையும் கத்துக்குச்சா?"

"இல்லடா கண்ணு," என்றேன்.

முதல் விதியை மீறிவிட்டேன். அது கற்றுக்கொண்டுவிட்டது. நான் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சின் மேலிருந்து, என் குரலிலேயே, மெதுவாகச் சொல்கிறது.

"விடு."